எதிரே உட்கார்ந்த மருமகன்

ஹலிஜா வீட்டுத் துணியை நான் துவைக்க ஆரம்பித்தது, அவள் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்த பிறகுதான். வாளியைத் தூக்கினால் விலாவுக்குக் கீழே யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறதாம். "தூக்காதடி. வேலி மேல போட்டுடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி ஒன்றுதான் உண்டு. மாவட்ட ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் கிடந்தவள் நான். துணியைப் பார்த்தால் எந்த வார்டு, எந்தக் கட்டில், என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

எங்கள் நெல் ஊரான பாரிட் புந்தாரில் அப்போது அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கிற மாதம். காயப்போட்ட துணியிலெல்லாம் கரி வந்து உட்காரும். சாயங்காலம் மழை வந்து எல்லாவற்றையும் மறுபடி நனைக்கும். எரிச்சலான எரிச்சல்.

ஹலிஜாவின் கணவர் டெராமான் நெல் லோரி ஓட்டினவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போய், மூன்று வார்த்தைதான் மிச்சம். "ஜா" என்றால் பெண்டாட்டி ஹலிஜா. "வேணாம்." அப்புறம் "போ". இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் குடும்பம் நடத்தினார். முகம் மட்டும் கோணாமல் பழையபடி நேராக இருக்கும். பார்க்கிறவர்கள், "மூஞ்சி தப்பிச்சிருச்சு, அதுவே பெரிய விஷயம்" என்பார்கள்.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கையால் சாப்பிடமாட்டார். மசூதி இமாமே வந்து, நோயாளிக்கு விலக்கு உண்டு, பாவமில்லை என்று சொல்லிப் பார்த்தார். டெராமான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டார். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இடது கையில் திருநீறு நீட்டினால் நாம் மட்டும் வாங்கிக்கொள்வோமா என்ன?

ஹலிஜா ஊட்டினால் சாப்பிடுவார். வேறு யார் ஊட்டினாலும் இரண்டு வாய், அதோடு உதட்டை இறுக்கிக்கொள்வார். அவர் தம்பி ஹாருன் பக்கத்தில் நின்று ஊட்டிப் பார்த்தான். "போ" என்றார். நான் ஒருநாள் கிட்டே நின்று கஞ்சியை நீட்டினேன். காது மடல் வரை சிவந்துபோனார். அடுத்த வீட்டுப் பொம்பளை ஊட்டினால் எந்த ஆம்பளைக்குத்தான் கூசாது? சந்தையில் இது பெரிய கேலியாகிவிட்டது. "டெராமானுக்குப் பொண்டாட்டி கை படலேன்னா சோறு எறங்காதாம்" என்பார்கள். ஹலிஜா முகத்தைச் சுளித்துக்கொள்வாள். ஆனால் உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான், எனக்குத் தெரியாதா.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் அவள் போகவில்லை. போன வருஷம் காய்ச்சலில் இரண்டு நாள் வார்டில் கிடந்தாள். அந்த இரண்டு நாளும் இவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் இவரையும் கொண்டுபோய் மூக்கில் குழாய் போட்டார்கள். குழாயைப் பிடுங்கினார் என்று அந்த ஒரு நல்ல கையையும் கட்டினார்கள். மணிக்கட்டில் துணிக்கட்டின் தடம் இருந்ததை அவள் வந்து பார்த்தாள். "இனிமே இவர விட்டுட்டு ஒருவேளைகூட இருக்கமாட்டேன் பச்சக்கா" என்றாள். என் பெயர் பச்சையம்மா. அவள் வாயில் அது பச்சக்கா.

மூன்றாவது முறை கொடுத்த தேதி, வருகிற திங்கட்கிழமை. கல் நகர்ந்து பித்தக் குழாயில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே வினையாகிவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மகள் கடல் தாண்டி சபாவில் நிறைமாசம், வர முடியாது.

அதனால்தான் அந்த மெஷின் வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் வார்டா. அவளும் டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் வீட்டு உதவிக்கு ரோபோ செய்கிறவள். முப்பத்தெட்டு வயது. முக்காட்டை ஊக்கு வைத்துப் பின்னுக்கு இழுத்துக் குத்திக்கொண்டு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளியோடு திரிவாள். வெள்ளை நிறத்தில் ஒற்றைக் கை, நடுவில் முழங்கை, நுனியில் கரண்டி, அதற்கு மேல் ஒரு சின்னக் கேமரா. தட்டிலிருந்து அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். அதைச் சக்கர நாற்காலியின் வலது கைப்பிடியில் பூட்டியிருந்தாள். இடது பக்கம் டெராமான் தட்டுவதற்கு ஒரு பட்டன். முதலில் நீலப் பட்டன் வைத்தாள், அவர் சீந்தவில்லை. பிறகு பழைய இரும்புக் கடையில் தேடி லோரி ஹாரன் ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். அழுத்தினால் மெதுவாக "பாம்" என்னும், கரண்டி கிளம்பும். அந்த ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருந்தது. சாப்பாடே இல்லாதபோதும் அழுத்திக்கொண்டிருப்பார்.

ஹலிஜா அந்த மெஷினுக்கு 'மருமகன்' என்று பெயர் வைத்தாள். "வந்து பத்து நாளாச்சு. ஒரு வேலையும் உருப்படியா செய்யல. நல்ல எடமாப் பாத்து நிக்குது. சார்ஜ் மட்டும் வேளாவேளைக்கு வேணும்."

"மாக்சிக், அது கத்துக்குது" என்றாள் வார்டா. மலாய்க்காரப் பிள்ளைகள் பெரியவர்களை மாக்சிக், பாக்சிக் என்றுதான் கூப்பிடும். என்னை மட்டும் ஆன்ட்டி என்பாள்.

"எம் பொண்ணும் அதத்தான் சொன்னா. ஆறு வருஷமா கத்துக்கறானாம்."

வியாழக்கிழமை மதியம் நானும் அங்கேதான் இருந்தேன். கஞ்சியும், மஞ்சள் போட்டு அவித்து உதிர்த்த கெம்போங் மீனும், தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்த பூசணியும். டெராமான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பிஸ்மில்லா சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார். பாம். கரண்டி நடுங்காமல் போய் உதட்டருகே நின்றது. வாயைத் திறந்தார், வாங்கினார். கொஞ்சம் வழிந்தது. இரண்டாவது வாயில் அதைவிட அதிகம். குனிந்து தன் மார்பைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"போ" என்றார் மெஷினிடம்.

வார்டா நோட்டில் எழுதினாள். "கரண்டி ஆழம் பத்தலபோல. வேகத்தையும் இன்னும் கொறைக்கணும்."

"எத்தன தடவம்மா கொறைப்ப? அதுக்குள்ள கஞ்சி ஆறி களியாயிடும்" என்றேன் நான்.

அவள் நோட்டை மூடிவைத்தாள். ஹலிஜா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஊட்டினாள். மள மளவென்று சாப்பிட்டார். கடைசி வாய் ஊட்டும்போது அவள் தன் விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். வாயில் கஞ்சியோடு, "ஜா" என்றார்.

வார்டா வெளியே வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். கறுப்புக் காப்பி கொடுத்தேன்.

"இந்த வேலைக்கு எப்படிம்மா வந்த? ஃபேக்டரிக்குப் போயிருந்தா மாடி வீடு கட்டியிருக்கலாமே?"

"காலேஜ் படிக்கும்போது மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்து ரெண்டு மணிக்கட்டும் ஒடஞ்சுபோச்சு ஆன்ட்டி. ஆறு வாரம் கட்டு. ரூம்ல இருந்த சிநேகிதிதான் ஊட்டிவிட்டா. நல்லவதான். ஆனா அவ போன் பாத்துட்டு ஊட்டுவா. நான் வாயத் தெறந்துட்டு காத்திருப்பேன். கோவம் வரும், சொல்ல முடியாது. சோறு போடறவளத் திட்ட முடியுமா? அப்ப முடிவு பண்ணேன், அடுத்த வாய் எப்பன்னு சாப்பிடறவங்கதான் சொல்லணும்னு." காப்பியை ஊதினாள். "இந்த வேலைக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. இது மூணாவது வீடு. முதல் வீட்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. ரெண்டாவது வீட்ல அதுமேல துண்டு காயப்போட்டிருந்தாங்க. டிசம்பரோட இதுக்கு வர்ற பணம் நின்னுடும். கூலிம் ஃபேக்டரியில வேல ரெடியா இருக்கு."

"அப்ப போயிடுவியா?"

"மாக்சிக்குக்கு ஆபரேஷன் நடந்தா போதும் ஆன்ட்டி. அதுக்கப்புறம் எங்க வேணா போறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் டெராமானின் மார்புத் துண்டுகளை ஊறவைத்தேன். பழைய டவலை நான்தான் வெட்டித் தைத்துக் கொடுத்திருந்தேன். தோளில் மாட்ட இடப்பக்கம் ஒரு பட்டன் வைத்திருப்பேன். அந்த வாரத்துத் துண்டுகள் ஆறு இருந்தன. மஞ்சள் கறை சோப்பு பட்டால் சிவக்கும், அதனால் முதலில் பச்சைத் தண்ணீரில் விரித்துப் பார்ப்பது என் வழக்கம். மூன்று துண்டுகளில் கறையே இல்லை. மூன்றில் திட்டுத்திட்டாக. அந்த மூன்றிலும் பட்டனுக்கு எதிர்ப்பக்கம்தான், வலது தோளிலிருந்து கீழே. நடுவில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

கரண்டி தடுமாறிக் கொட்டினால் கறை நடுவில் விழும், மடியில் விழும், கண்டபடி விழும். இது கொட்டின கறை இல்லை. வாயின் ஒரே ஓரத்திலிருந்து வழிந்த கறை. ஆஸ்பத்திரியில் இந்தக் கறையை நான் ஆயிரம் தலையணை உறையில் பார்த்திருக்கிறேன். சனியன் பிடித்த மூளை, கண்ணெதிரே பத்து நாள் துவைத்தும் உறைக்கவில்லையே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஈரத் துண்டுகளோடு வேலியைத் தாண்டினேன். வார்டா அப்போதுதான் வந்திருந்தாள்.

"ஜா, நீ ஊட்டின துண்டு எது, மருமகன் ஊட்டின துண்டு எதுன்னு கேக்காமலே சொல்லட்டுமா?" மூன்றையும் மூன்றையும் தரையில் பிரித்து வைத்தேன். "இப்ப நீ எதிர்ல உக்காராத. அவருக்கு வலது பக்கமா நின்னு ஒரு வாய் குடு."

"எதுக்கு?"

"குடுடி, சொல்றேன்."

ஹலிஜா வலப்பக்கம் போய் நின்று கஞ்சி கொடுத்தாள். அவள் கைதான், அவள் சமைத்ததுதான். மென்றார். வலது உதட்டோரம் கஞ்சி மெல்ல இறங்கித் தாடைக்கு வந்தது. அவருக்குத் தெரியவில்லை. அவர் எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து துண்டைப் பார்த்து உதட்டை இறுக்கினார்.

ஹலிஜா அவர் வலது கன்னத்துக்குள் விரலை விட்டாள். நேற்று மருமகன் ஊட்டின மீன் கொஞ்சம் அங்கே இருந்தது.

"அபாங்" என்றாள் அவள். கணவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலியா?"

அவர் இடது கையால் வலது கன்னத்தைத் தட்டிக் காட்டினார். "வேணாம். வேணாம்" என்றார். கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். நாங்கள் பிடிவாதம் என்று பெயர் வைத்தோம்.

வார்டா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆஸ்பத்திரிக் காகிதத்துல கை, கால்னு மட்டும்தான் இருந்துச்சு. மூஞ்சி நேரா இருக்கவும் நானும் கேக்கல. கரண்டியையே திருத்திட்டிருந்தேன் ஆன்ட்டி. பத்து நாளா கரண்டியையே திருத்திட்டிருந்தேன்."

"ஏம்மா வலது பக்கம் மாட்டின?" என்று கேட்டேன்.

"இடது பக்கத்துலேர்ந்து சோறு வந்தா மரியாதையா இருக்குமா? பாக்சிக்கோட போன கையத் திருப்பிக் குடுக்கறதா நெனச்சேன். வலது கை போச்சு, வலது கை வந்துச்சுன்னு. நான் ஒரு மலாய்க்காரியா இல்லாம இருந்திருந்தா எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் மாட்டியிருப்பேன்."

"சரி, ஜா மட்டும் எப்படி இடது பக்கம் ஊட்டறா? அவ என்ன பீச்சாங்கையிலயா ஊட்டறா?"

"அய்யே. நான் வலது கையிலதான் ஊட்டுவேன்" என்றாள் ஹலிஜா.

ஹலிஜா முக்காலியில் எதிரே போய் உட்கார்ந்து, வெறுங்கையை அவர் வாய்க்கு நீட்டினாள். அவளுடைய வலது கை, அவருடைய இடது கன்னத்தில் போய் நின்றது.

வார்டா எழுந்தாள். "இந்த மெஷின் பாக்சிக்கோட கை இல்ல. ஊட்டற இன்னொருத்தரோட கை."

"மருமகன்தானே? மாமனார் தோளோட ஒட்டிட்டு நின்னா எப்படி? தூக்கி எதிர்ல உக்கார வை" என்றேன்.

ஹலிஜா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். விலா வலிக்க வலிக்கச் சிரித்தாள். "ஊரே நாப்பது வருஷக் காதல்னு சொல்லுச்சு பச்சக்கா. கடைசியில முக்காலி போட்ட எடம்தானா?" சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. டெராமான் அவள் முக்காட்டு நுனியைப் பிடித்து இழுத்து, "ஜா, ஜா" என்றார்.

அன்றைக்கு முழுதும் வேலை. வார்டா மெஷினைக் கழற்றி, சாப்பாட்டு மேசையின் எதிர்விளிம்பில் பூட்டினாள். அது போகிற வழியை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கரண்டியைக் கையால் பிடித்துத் தட்டிலிருந்து வாய்வரை நூறு தடவையாவது நடத்திக் காட்டினாள். ஜும்மா தொழுகை முடிந்து வந்த ஹாருன், ஒரு பக்கம் ஆடிய மேசைக்காலுக்குக் கட்டை வெட்டிக் கொடுத்தான். முதல் முயற்சியில் கரண்டி இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்தது மூக்கில் இடித்தது. "மருமகனுக்கு இப்பதான் ரோஷம் வருது" என்றாள் ஹலிஜா.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பூசணியைச் சூடுபண்ணி வைத்தோம். ஹாருனுக்கு ஒரு யோசனை. "பக்கம்தான் விஷயம்னா நானே எதிர்ல உக்காந்து ஊட்டிடறேனே. மெஷின் எதுக்கு?"

வார்டாவின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் நியாயஸ்தி. "ஆமா. அப்படியும் செய்யலாம். பாக்சிக்தான் சொல்லணும்" என்றாள்.

ஹாருன் எதிரே உட்கார்ந்து ஊட்டினான். டெராமான் வாங்கினார், வழியவில்லை. ஆனால் இந்த வாய் இறங்குவதற்குள் அடுத்த கரண்டி உதட்டில் வந்து நின்றது. லோரியில் மூட்டை ஏற்றுகிற அவசரம் அவனுக்கு. நாலாவது வாயில் டெராமான் அவனைப் பார்த்து, "போ" என்றார். கோபமில்லாத போ. பிறகு ஹாரன் மேல் கையை வைத்தார். பாம். கரண்டி வந்தது. மென்றார், விழுங்கினார், சன்னலுக்கு வெளியே மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மழை பார்த்து முடிந்ததும் மறுபடி பாம். பதினோரு வாய் சாப்பிட்டார்.

ஹலிஜா அடுக்களைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"நிம்மதியா இருக்கு பச்சக்கா. ஆனா என்னமோ மாதிரியும் இருக்கு. நான் இல்லாமலே எறங்குதே."

"எறங்கட்டும்டி. நீ போய் கல்ல எடுத்துட்டு வந்து சண்டை போடு."

ஞாயிற்றுக்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிளம்பும்போது என் பிராணனை எடுத்தாள். அரிசி எங்கே, மாத்திரை எங்கே, பூசணியை எவ்வளவு குழைக்க வேண்டும் என்று ஆயிரம் சொன்னாள். ராத்திரிக்கும் குளிப்பாட்டவும் ஹாருன். பகலில் அவன் ஆலைக்குப் போனால் நான் வந்து தட்டு வைப்பேன், மருமகன் ஊட்டும். திங்கட்கிழமை மட்டும் ஹாருன் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருப்பான். அதுதான் ஏற்பாடு.

திங்கள் மதியம் பன்னிரண்டரைக்கு என் போன் அடித்தது. வீடியோவில் ஹலிஜா, பச்சை அங்கியில்.

"பச்சக்கா, நர்ஸ் காகிதத்த வச்சுட்டு நிக்குது. நான் இன்னும் கையெழுத்து போடல. வெள்ளிக்கெழம நான் பக்கத்துல இருந்தேன், அதனால சாப்பிட்டாரு. நேத்து ராத்திரி ரெண்டு வாய்தான்னு ஹாருன் சொல்றான். இன்னிக்கும் சாப்பிடலேன்னா நான் எந்திரிச்சு வந்துடுவேன், யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்."

"இரு, இப்பதான் தட்டு வைக்கறேன்."

போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தேன். வார்டா கதவோரம் நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. தொட்டுவிடக்கூடாதாம். கஞ்சி, மீன், பூசணி. டெராமான் போனில் பெண்டாட்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஹாரனைத் தொடவில்லை.

"அபாங், சாப்பிடுங்க" என்றாள் ஹலிஜா. "இல்லேன்னா நான் வந்துடறேன். வரட்டுமா?"

அவர் உதடு அசைந்தது. பிஸ்மில்லா. கையைத் தூக்கி ஹாரனை ஓங்கி அழுத்தினார். பாம். கரண்டி அள்ளிக்கொண்டு எதிரேயிருந்து வந்து, இடது உதட்டோரம் நின்றது. வாங்கினார். மென்றார். வாயைத் துடைத்துக்கொள்கிற மாதிரி நாக்கால் ஒரு சுற்று சுற்றினார். பாம். இரண்டாவது. பாம். மூன்றாவது. அப்புறம் வாயை நன்றாகத் திறந்து, ஒன்றுமில்லாத வாயைப் போனுக்கு நேரே காட்டினார், சின்னப் பிள்ளை காட்டுகிற மாதிரி.

"ஜா" என்றார்.

"சொல்லுங்க அபாங்."

"போ."

அந்த வார்த்தையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருதரம்கூடச் சொன்னதில்லை. ஹலிஜா முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "பேனாவைக் குடும்மா" என்று நர்ஸிடம் சொல்வது கேட்டது. திரை அணைந்தது. டெராமான் மறுபடி ஹாரனை அழுத்தினார். நான் இன்னும் கொஞ்சம் பூசணி வைத்தேன். வார்டா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கூலிம் ஃபேக்டரிக்கு வரவில்லை என்று அவள் போனில் சொன்னது மறுநாள்தான்.

ஆறு மணிக்கு ஹாருன் கூப்பிட்டான். எல்லாம் நல்லபடி முடிந்ததாம். கல் பெரிய கோலிக்குண்டு அளவாம், ஹலிஜா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி ராத்திரிக்கு என்ன குழம்பு என்பதாம்.

விளக்கு வைப்பதற்கு முன் டெராமானின் மார்புத் துண்டைத் துவைக்க எடுத்துப்போனேன். பழக்கம் விடவில்லை, பச்சைத் தண்ணீரில் விரித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். துவைக்க அதில் ஒன்றுமில்லை. அப்படியே பிழிந்து வேலிமேல் காயப்போட்டேன்.